நெல்லைக் குளத்தில் தூண்டில் போட யாரிடம் கேட்க வேண்டும்?

நீங்கள் கேட்டிருப்பதை என் சொற்களில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். சென்னையிலிருந்து மாற்றலாகிப் பாளையங்கோட்டைக்கு வந்திருக்கிறீர்கள். வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டரில் ஒரு பெரிய 'ஏரி', கரை நிறையத் தண்ணீர், வேலியும் இல்லை, அறிவிப்புப் பலகையும் இல்லை. பத்து வயது மகனோடு ஞாயிறுதோறும் அங்கே தூண்டில் போட வேண்டும்; இணையத்தில் வாங்கி வைத்திருக்கும் காற்றடைக்கும் ரப்பர் படகையும் இறக்கிப் பார்க்க வேண்டும். இதற்கு எந்த அலுவலகத்தில் அனுமதி வாங்குவது? முதல் இரண்டுக்கும் விடை சுருக்கமானது. தூண்டில், கேட்டுவிட்டுப் போடலாம். படகு, வேண்டாம். மூன்றாவதுதான் நீளம். எந்த அலுவலகம் என்று ஒருமையில் கேட்டிருக்கிறீர்கள். எங்கள் குளங்களுக்கு உடையவர் ஒருவர் மட்டும் இல்லை.

மீன்துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வேலைக்காலத்தின் பெரும்பகுதி மானூர், நாங்குநேரி, சேரன்மகாதேவி வட்டாரக் குளக்கரைகளில் கழிந்தது. குத்தகை ஏலமும், மீன்குஞ்சு விடுவதும், அவற்றைச் சுற்றி வரும் சண்டைகளும்தான் என் அன்றாடம். ஆகவே மீனைப் பற்றியும் குத்தகையைப் பற்றியும் நான் சொல்வதை நம்பலாம். சட்டப் பிரிவுகளை வழக்கறிஞர் போலப் பிரித்துச் சொல்ல எனக்கு வராது. படகிலும் என் அனுபவம் பரிசலோடும் தெர்மாகோல் மிதவையோடும் முடிந்துவிட்டது.

முதலில் அந்த 'ஏரி'. இங்கே யாரிடமாவது ஏரிக்கு வழி கேட்டால் ஒரு கணம் யோசிப்பார்கள். வடக்கே ஏரி, மதுரைப் பக்கம் கண்மாய், எங்களுக்குக் குளம். எது எப்படியானாலும், தானாக உண்டான நீர்நிலை என்று எண்ணிவிடாதீர்கள். தாமிரபரணியில் கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள் இருக்கின்றன. அரியநாயகிபுரத்திலிருந்து கோடகன் கால்வாய், பழவூரிலிருந்து பாளையங்கால்வாய், சுத்தமல்லியிலிருந்து நெல்லைக் கால்வாய் என்று ஒவ்வொன்றிலிருந்தும் கால்வாய் பிரிந்து, போகிற வழியில் குளங்களை நிரப்புகிறது. ஒரு குளம் நிரம்பி மறுகால் பாய்ந்தால் அந்தத் தண்ணீர் அடுத்த குளத்துக்குப் போகும். ஆற்றுக் கால்வாய் எட்டாத ஊர்களில் மானாவாரிக் குளங்கள். அவை ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பிக் கிடப்பவை. எல்லாம் கார், பிசானம் என்ற இரண்டு நெல் போகங்களுக்கும் தண்ணீர் தேக்கி வைக்க வெட்டியவை. பொழுதுபோக்குக்கு என்று ஒரு குளமும் வெட்டப்படவில்லை. அதனால்தான் வேலி இல்லை, பலகை இல்லை. அது பொதுச் சொத்து என்பதற்கு அடையாளம் அன்று. யாருக்கு என்ன உரிமை என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும் என்பதற்கு அடையாளம்.

அந்த உரிமை மூன்று கையாகப் பிரிந்து கிடக்கிறது. தண்ணீரும் கரையும் மடையும் ஒரு கை. பொதுவாக நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், உள்ள குளங்களை, 2021-இல் பொதுப்பணித் துறையிலிருந்து பிரிந்த நீர்வளத் துறை வைத்திருக்கிறது. அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. நகருக்குள் இருப்பவற்றில் மாநகராட்சிக்கும் பங்கு உண்டு. மீன் இரண்டாவது கை. 'மீன்பாசி குத்தகை' என்று ஏலம் விடுவார்கள். ஏலத்தில் எடுத்தவருக்கோ உள்நாட்டு மீனவர் கூட்டுறவுச் சங்கத்துக்கோ அந்தக் குளத்து மீன் முழுவதும் சொந்தம். குத்தகைக் கணக்கு பெரும்பாலும் பசலியில் ஓடும், அதாவது ஜூலை 1 முதல் அடுத்த ஜூன் 30 வரை. நீங்கள் மே மாதம் நட்பாக்கிக்கொண்ட குத்தகைதாரர் ஜூலையில் இல்லாமல் போகலாம், கவனம். மூன்றாவது கை ஆயக்கட்டு விவசாயிகள். மடையை எப்போது திறப்பது என்பதில் அவர்கள் சொல்லுக்கு எடை அதிகம். தாளில் மூன்றுபேரும் சமம்போலத் தெரியும். தண்ணீர் குறைந்த ஆண்டில் விவசாயிதான் குளத்துக்குச் சொந்தக்காரர், மீன் துள்ளிச் செத்தாலும் பயிருக்குத்தான் தண்ணீர்.

இனித் தூண்டில். உறுதியாகச் சொல்லக்கூடியது இது: குத்தகைக்குப் போன குளத்தில் மீன் பிடிக்கும் உரிமை குத்தகைதாரருக்கு மட்டுமே, அவர் தடுத்தால் நீங்கள் சுருட்டிக்கொண்டு எழுந்து வர வேண்டியதுதான். வெடி வைத்தும் நஞ்சு கலந்தும் மீன் பிடிப்பதை 1897-ஆம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டமே குற்றமாக்கிவிட்டது. அது குத்தகைதாரருக்கும் சேர்த்துத்தான். இதற்கு மேல் இருப்பதெல்லாம் வழக்கம். கரையில் உட்கார்ந்து ஒற்றைத் தூண்டில் போடும் சிறுவனையும் கிழவனையும் பெரும்பாலான குளங்களில் யாரும் விரட்டுவதில்லை. வலை எடுத்தால் விரட்டுவார்கள். வரிசையாகப் பத்துத் தூண்டிலை ஊன்றி வைத்தாலும் விரட்டுவார்கள். இந்த வழக்கம் எல்லா ஊருக்கும் பொருந்தும் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு குளத்தில் சிரித்துக்கொண்டே இடம் காட்டுவார்கள், மறுகாலைத் தாண்டி அடுத்த குளத்துக்குப் போனால் கம்பைப் பிடுங்குவார்கள்.

காவலாள் வந்தால் முதலில் உங்கள் முகத்தைப் பார்க்கமாட்டார், வாளியைப் பார்ப்பார். அதற்குக் காரணம் உண்டு. குத்தகைதாரர் காசு போட்டு வாங்கி விடுவது கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகள். கட்லா மேல்தண்ணீரில் மேயும், ரோகு நடுவில், மிர்கால் அடியில். ஒரே குளத்தில் மூன்றும் ஒன்றுக்கொன்று இடையூறில்லாமல் வளரும் என்பதால்தான் இந்தக் கூட்டு. சிலேபி, அதாவது திலாப்பியா, அப்படி அல்ல. 1952-இல் வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்கு வந்த மீன் அது. முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள் வைத்துக் காப்பதால் யாரும் விடாமலேயே பெருகிக்கொண்டு போகும். வாளியில் சிலேபியோ கெளுத்தியோ கிடந்தால் காவலாள் ஒரு பீடி பற்றவைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து, மாவு உருட்டுவது எப்படி என்று உங்களுக்குப் பாடம் எடுப்பார். விரல் நீளக் கட்லாக் குஞ்சு இரண்டு கிடந்தால் கதை வேறு.

அப்படி ஒரு சண்டைக்கு நான் பஞ்சாயத்துக்குப் போயிருக்கிறேன். குளத்தின் பெயர் வேண்டாம். குத்தகைதாரரின் ஆள், ஏழு பள்ளிப் பையன்களின் தூண்டில் கம்புகளை முழங்காலில் வைத்து ஒடித்துவிட்டார். நான் போய்ச் சேர்ந்தபோது ஊரே கரையில் நின்றது. ஒடித்தது தவறு என்று எல்லாரும் பேசிக்கொண்டிருந்தார்கள், நானும் அதைத்தான் நினைத்தேன். பிறகு ஒரு பையன் கையிலிருந்த பாலிதீன் பையை வாங்கிப் பார்த்தேன். உள்ளே நாற்பது ஐம்பது மிர்கால், ரோகுக் குஞ்சுகள், ஒவ்வொன்றும் ஆள்காட்டி விரல் அளவு, பாதி அப்போதே வெளுத்திருந்தன. குளத்தில் குஞ்சு விட்டுப் பத்து நாள்கூட ஆகவில்லை. பையன்களுக்கு அது தெரியாது; தெரிந்துகொள்ள யாரையும் கேட்கவும் இல்லை. கம்புக்கான காசைக் குத்தகைதாரர் கொடுத்தார், தை மாதம் வரை தூண்டில் கூடாது என்று ஊர் ஒப்புக்கொண்டது. அன்றிலிருந்து யார் என்னிடம் கேட்டாலும் நான் சொல்வது ஒன்றுதான்: போன மாதம் குஞ்சு விட்டார்களா என்று முதலில் விசாரியுங்கள்.

எப்படி விசாரிப்பது? அலுவலகத்துக்கு முன்னால் கரைக்குப் போங்கள், அதுவும் காலை ஆறு ஏழு மணிக்கு. பரிசலிலோ லாரி டியூப் மிதவையிலோ போய் வலை எடுத்துவிட்டு வருபவர்கள் அப்போதுதான் கரை ஏறுவார்கள். குத்தகை யாருடையது என்று அவர்களிடமே கேட்கலாம். அரைக்கிலோ மீன் வாங்கிக்கொண்டு கேட்டால் இன்னும் நல்லது. குத்தகைதாரரின் பெயரும் கைப்பேசி எண்ணும் கிடைத்ததும் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள்: மகனுக்காக, கரையிலிருந்து, ஒரே தூண்டில், சிலேபி மட்டும். என் அனுபவத்தில் பத்தில் எட்டுபேர் சரி என்பார்கள். யாருமே பிடிகொடுக்கவில்லை என்றால் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்திலோ கொக்கிரகுளத்து ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை நடக்கும் குறைதீர்க்கும் நாளிலோ கேட்கலாம்; பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி மனுவும் போடலாம். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமைத் தூண்டிலுக்கு மனு போடும் ஆளை ஊர் எப்படிப் பார்க்கும் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

காலத்தையும் சொல்லிவிடுகிறேன். மழைக்காலம் தூண்டிலுக்கு ஆகாது. கலங்கல் தண்ணீர், குஞ்சு விடும் பருவம், விரால் குடும்பம் நடத்தும் பருவமும் அதுதான். கோரை ஓரத்தில் தண்ணீர் மேல்மட்டத்தில் செம்மஞ்சளாக ஒரு கொத்து கொதிப்பதுபோலத் தெரிந்தால் அது விரால் குஞ்சுக் கூட்டம். அதன் அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும், பக்கத்தில் எது வந்தாலும் பாயும். தூண்டிலைப் போட்டால் உடனே கவ்வும், பிடிப்பது மிகச் சுலபம். பிடித்துவிட்டால் அந்தக் கொத்து முழுவதும் கெண்டைக்கும் நீர்க்காகத்துக்கும் இரை. அந்தப் பெரிய விராலை இழுத்துப் படம் எடுத்துக்கொள்ளும் ஆட்களை எனக்குப் பிடிக்காது, இதை ஒளிக்கவும் விரும்பவில்லை. தைக்குப் பிறகு தண்ணீர் தெளிந்துவிடும். மாசி, பங்குனியில் நீர் வற்றத் தொடங்கும்போது சிலேபி கரையோரம் குழி பறித்து நிற்பது கண்ணுக்கே தெரியும். மகனைக் கூட்டிப் போக அதுதான் சமயம்.

படகுக்கு வருவோம். மோட்டார் இல்லாத, கையால் துடுப்புப் போடும் ரப்பர் படகைப் பாசனக் குளத்தில் இறக்கக் கூடாது என்று ஒற்றைச் சட்ட வரியை உங்களுக்கு எடுத்துக் காட்ட என்னால் முடியாது. துறையின் அனுமதி இல்லாமல் இறக்கினால் வெளியேறச் சொல்ல அவர்களுக்கு அதிகாரம் உண்டு என்பது மட்டும் எனக்குத் தெரியும். என் 'வேண்டாம்' சட்டத்திலிருந்து வரவில்லை, குளத்தின் அடியிலிருந்து வருகிறது. வறட்சி ஆண்டுகளில் குளத்து உள்வாயில் சீமை உடைமரம், அதாவது சீமைக் கருவேலம், காடாக முளைக்கும். மழை வந்து குளம் நிரம்பினால் மரம் செத்து, முள்ளோடு தண்ணீருக்குள் நிற்கும். மேலே பார்த்தால் கண்ணாடிபோலத் தண்ணீர். ஒரு சாண் கீழே விரல் நீள முள். கல்லூரிப் பையன்கள் இரண்டுபேர் உங்களிடம் இருப்பது போன்ற படகில் போய், கரையிலிருந்து நூறடி தள்ளி 'புஸ்' என்ற சத்தம் கேட்டிருக்கிறார்கள். நாங்கள் பார்த்தபோது ஒருவன் அந்த முள் மரத்தையே கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றான். தெர்மாகோல் மிதவையில் போன மீன்காரர் ஒருவர்தான் இரண்டுபேரையும் இழுத்து வந்தார். மறுநாள் காலை வரை உட்கார்ந்து அவன் கையில் முள் பிடுங்கினார்கள்.

முள் போகட்டும். கோடையில் விவசாயிகளுக்கும் மண்பாண்டத் தொழிலாளர்களுக்கும் வண்டல் எடுக்க அனுமதி கொடுப்பார்கள். அதன் பெயரில் சவுடு அள்ளுகிறவர்களும் உண்டு. விளைவு, முழங்கால் ஆழத்தில் நடந்துகொண்டே இருப்பீர்கள், அடுத்த அடி இரண்டாள் ஆழம். செய்தித்தாளில் மாதத்துக்கு ஒருமுறை நீங்கள் படிக்கும் குளத்துச் சாவுகளில் பல இந்தப் பள்ளங்களில்தான். அடுத்தது மடை. மடை திறந்திருக்கும்போது அதன் வாய் தண்ணீருக்கு அடியில் இருக்கும். மேலே சுழிகூடச் சில சமயம் தெரியாது, ஆனால் உள்ளே இழுவை உண்டு. நீந்தத் தெரிந்தவனையும் அது விடாது. மூன்றாவது காற்று. ஆனி, ஆடியில் மலைக் கணவாய் வழியே வரும் மேல்காற்று எங்கள் சமவெளியில் எப்படி அடிக்கும் என்பதற்குப் பணகுடியிலும் கயத்தாற்றிலும் சுழலும் காற்றாலைகளே சாட்சி. எடையில்லாத ரப்பர் படகைத் துடுப்பால் எதிர்த்துத் திருப்பிவிடலாம் என்று நினைக்காதீர்கள். அது கீழ்க்கரைக் கல்லில் கொண்டுபோய் மோதித்தான் நிற்கும்.

சந்தேகத்துக்கே இடமில்லாமல் தூண்டிலும் படகும் கூடாத இடங்கள் சில. கூந்தன்குளம் 1994 முதல் பறவைகள் சரணாலயம், 2022-இல் ராம்சார் என்ற பன்னாட்டு ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. டிசம்பர் முதல் பறவை பார்க்கப் போங்கள். கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் வீட்டு மரங்களிலேயே கூடு கட்டியிருக்கும். தூண்டில் வீட்டில் இருக்கட்டும். காரையாறு, சேர்வலாறு அணைகள் களக்காடு-முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருப்பவை. ஒருகாலத்தில் காரையாறு அணையில் படகேறிப் பாணதீர்த்தம் அருவிக்குப் போவார்கள்; நானும் போயிருக்கிறேன், அருவிச் சாரல் படகுக்குள்ளேயே விழும். அந்தச் சவாரியை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகின்றன. பழைய படங்களைப் பார்த்துவிட்டுப் போய் ஏமாறாதீர்கள். மணிமுத்தாறு அணையிலும் உங்கள் படகுக்கு இடமில்லை. பாபநாசம் கோயில் படித்துறையில் முழங்கை நீள மீன்கள் காலடியில் வந்து மொய்க்கும்; அவை பொரி தின்னும் சாமி மீன்கள், தொட்டால் சட்டத்துக்கு முன் சனங்களே பார்த்துக்கொள்வார்கள். விஜயநாராயணம் பெரியகுளம் மாவட்டத்தின் மிகப் பெரிய குளங்களுள் ஒன்று, பார்க்கக் கண்கொள்ளாது. ஆனால் பக்கத்திலேயே கடற்படையின் கட்டபொம்மன் தளம் இருப்பதால் ட்ரோன் கீன் என்று எதையும் பறக்கவிட்டுவிடாதீர்கள்.

பையனுக்குப் படகில் போக ஆசை என்றால் சாரல் சீசனில் குற்றாலத்துக்குக் கூட்டிப் போங்கள். ஐந்தருவி போகும் சாலையில் வெண்ணமடைக் குளத்தில் சுற்றுலாத் துறையின் படகுக் குழாம் உண்டு. டிக்கெட் வாங்கி, உயிர்காப்பு மேலாடை மாட்டிக்கொண்டு மிதிபடகில் போகலாம். குளத்தில் தண்ணீர் இருக்கும் சீசனில்தான் அது ஓடும், ஆகவே புறப்படும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். ரப்பர் படகை வீணாக்க வேண்டாம். சித்திரை வெயிலில் மொட்டைமாடியில் வைத்துத் தண்ணீர் நிரப்பினால் பிள்ளைகள் நாளெல்லாம் இறங்கமாட்டார்கள், என் பேரப்பிள்ளைகள் சாட்சி.

கடைசியாகச் சில சில்லறை விஷயங்கள். நகருக்குள் இருக்கும் குளங்களில் சாக்கடை கலக்கிறது. அங்கே பிடித்ததைத் திருப்பி விட்டுவிடுங்கள், நான் அந்த மீனைச் சாப்பிடமாட்டேன். அறுந்த தூண்டில் நரம்பைக் கரையில் போட்டுவிட்டு வராதீர்கள். கழுத்தில் நரம்பு சுற்றி, அலகைத் திறக்க முடியாமல் பனைமரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு நீர்க்காகத்தை நாங்கள் ஏணி வைத்தும் பிடிக்க முடியவில்லை, மூன்றாம் நாள் கீழே கிடந்தது. தூண்டில் முள்ளின் எதிர்க்கூரைக் குறடால் மடக்கிவிடுங்கள், பையன் விரலில் ஏறினாலும் சுலபமாக எடுத்துவிடலாம். ஆமை மாட்டினால் நரம்பை வெட்டி விடுங்கள், வீட்டுக்குக் கொண்டுபோனால் வனத்துறை வழக்கு. கருப்பாக, மீசையோடு, ஒல்லியாக ஒரு மீன் வந்தால் அது தேளி. பெயரே சொல்லும், பக்கத்து முள்ளில் விஷம் உண்டு, குத்தினால் பெரியவர்களே அழுவார்கள். பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீருக்குள் கையை அரைமணி நேரம் வைத்திருந்தால் கடுப்பு இறங்கும், அதன் பிறகும் வீக்கம் ஏறினால் மருத்துவரிடம் போங்கள். அதனால் ஒரு பிளாஸ்க்கில் வெந்நீர் கொண்டுபோவது நல்லது. எதுவும் குத்தாத நாளில் காவலாளுக்கும் சேர்த்து அதிலேயே காப்பி கலந்துவிடலாம்.